ஐந்தாவது சக்கரத்தில் ஒரு வீடு - உமணர் வண்டி முதல் பூந்தமல்லி டிரெய்லர் வரை

வாடகை வீடு தேடி அம்பத்தூர், ஆவடி பக்கம் வெயிலில் அலைந்தவர்களுக்கு ஒரு தடவையாவது இந்த ஆசை வந்திருக்கும். "வீட்டையே கூடவே இழுத்துக்கிட்டுப் போயிட்டா எப்படி இருக்கும்?" அட்வான்ஸ் இல்லை, ஹவுஸ் ஓனர் இல்லை, தண்ணி மோட்டார் சண்டை இல்லை!

அமெரிக்காவில் இதை உண்மையாகவே செய்கிறார்கள். பிக்கப் லாரியின் பின்பக்கத் தொட்டியில் ஒரு இரும்புத் தட்டு. அதன் மேல் ஒரு நீளமான டிரெய்லர் வீடு வந்து உட்கார்ந்துகொள்ளும். உள்ளே படுக்கையறை, சமையலறை, பாத்ரூம் எல்லாம் உண்டு. இதற்குப் பெயர் 'பிஃப்த் வீல்', அதாவது ஐந்தாவது சக்கர டிரெய்லர். யூடியூபில் பார்த்துவிட்டு "நாமும் ஒண்ணு வாங்கினா என்ன?" என்று கேட்பவர்கள் இப்போது நம் ஊரிலும் இருக்கிறார்கள்.

இது நமக்குச் சரிப்பட்டு வருமா? இந்தக் கேள்விக்கு விலைப்பட்டியலைப் பார்த்தால் மட்டும் பதில் கிடைக்காது. கொஞ்சம் வரலாற்றையும் புரட்டிப் பார்க்க வேண்டும். சக்கரத்தின் மேல் குடும்பம் நடத்துவது தமிழ்நாட்டுக்குப் புதிய விஷயம் இல்லையே!

உப்பு வண்டியில் ஒரு குடும்பம்

சங்க காலத்தில் கடற்கரை உப்பை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போய் நெல்லுக்கு மாற்றியவர்கள் உமணர்கள். இவர்கள் தனியாகப் போகவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளோடு, வரிசையாகப் பல வண்டிகளில் போனார்கள். அப்படிப்பட்ட கூட்டத்துக்குத் தமிழில் 'சாத்து' என்று பெயர். பாரசீக மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன 'கேரவன்' என்ற சொல்லுக்கும் முதல் பொருள் அதுதான். உமணர் வீட்டுக் குரங்கு அவர்கள் பிள்ளைகளோடு விளையாடிய காட்சி சிறுபாணாற்றுப்படையில் வருகிறது. வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கு வண்டிக்கு அடியில் உபரி அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்ற தகவல் புறநானூற்றில் இருக்கிறது. இன்றைய ஸ்டெப்னி டயருக்கு முப்பாட்டன் இது!

அந்த மாட்டு வண்டியில் ஒரு பொறியியல் ரகசியமும் இருக்கிறது. இரண்டு சக்கர வண்டியில் பாரம் முழுவதும் சக்கரத்தின் மேல் நிற்காது. ஒரு பங்கு ஏர்க்கால் வழியாக நுகத்தடிக்கு வந்து மாட்டின் கழுத்தில் உட்காரும். முன்பாரம் அதிகமானால் மாடு திணறும். பின்பாரம் அதிகமானால் ஏர்க்கால் மேலே தூக்கிக்கொள்ளும். இரண்டும் இல்லாமல் மூட்டைகளை அடுக்கத் தெரிந்தவர்தான் நல்ல வண்டிக்காரர்.

இழுப்பவனே பாரத்தில் ஒரு பங்கைச் சுமக்க வேண்டும் என்பதுதான் இங்கே சூத்திரம். ஐந்தாவது சக்கரத்தின் சூத்திரமும் இதுவேதான்.

அது என்ன ஐந்தாவது சக்கரம்?

நான்கு சக்கரக் குதிரை வண்டியில் முன் அச்சு திரும்பினால்தான் வண்டி திரும்பும். அதற்காக முன் அச்சுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு இரும்பு வளையத்தைப் படுக்கை வாட்டில் வைத்தார்கள். ஓடும் சக்கரங்கள் நான்கு, படுத்திருக்கும் வளையம் ஐந்தாவது. பெயர் அங்கிருந்து வந்தது.

மோட்டார் வந்த பிறகு இந்த வளையம் லாரிக்கு மாறியது. 1914இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு மர வியாபாரி தன் படகை ஏரிக்குக் கொண்டுபோக வழி தேடினார். அகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லர், ஃபோர்டு மாடல் டி காரின் பின்னால் மாட்டி இழுக்கும்படி ஒரு வண்டி செய்து கொடுத்தார். முன்பக்கச் சக்கரம் இல்லாத அந்த வண்டிக்கு 'செமி டிரெய்லர்' என்று பெயர் வைத்தார்கள். அதை இணைக்கும் பூட்டுத் தட்டுதான் பின்னாளில் ஐந்தாவது சக்கரம் ஆனது. டிரெய்லரின் அடியில் இருக்கும் 'கிங் பின்' என்ற தடித்த ஆணி அந்தத் தட்டில் விழுந்து பூட்டிக்கொள்ளும்.

நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் 1988, செமி டிரெய்லர் என்றால் என்ன என்று சொல்லும்போது, அதன் ஒரு பகுதி இழுக்கும் வண்டியின் மேல் படிந்திருக்க வேண்டும், எடையில் ஒரு பங்கை இழுக்கும் வண்டி தாங்க வேண்டும் என்கிறது. இந்த விளக்கத்தைப் படித்தால் நம்ம ஊர் வண்டிக்காரர் "இது என் மாட்டு வண்டிதானே சார்?" என்று கேட்பார்.

வீடாக மாறிய வண்டி

பொழுதுபோக்குக்காக வண்டி வீடு கட்டிக்கொண்ட முதல் ஆள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ். ஸ்காட்லாந்துக்காரர், கடற்படை மருத்துவர், எழுத்தாளர். 1885இல் 'வாண்டரர்' என்ற 18 அடி நீள வண்டியைச் செய்யச் சொல்லி, இரண்டு குதிரை பூட்டி ஊர் சுற்றினார். 1907இல் பிரிட்டனில் கேரவன் கிளப்பே தொடங்கிவிட்டார்கள்.

ஐந்தாவது சக்கரத்தை வீட்டோடு சேர்த்தவர் விமானத் துறை முன்னோடியான கிளென் கர்டிஸ். 1920களின் கடைசியில் இவர் செய்த 'ஏரோகார்' டிரெய்லரில், காரின் பின்பக்கம் காற்றடைத்த டயர் ஒன்றைப் படுக்க வைத்து, டிரெய்லரின் முனையை அதன் நடுவில் பொருத்தினார். குலுங்கல் எல்லாம் டயரோடு போய்விடும். பெயருக்கு ஏற்றபடி நிஜமாகவே ஐந்தாவது சக்கரம்!

இந்த இணைப்பால் என்ன லாபம்? சாதாரண கேரவன் காரின் பின் முனையில், அச்சுக்கு வெளியே தொங்கும். வேகத்தில் பலத்த காற்று அடித்தாலோ பக்கத்தில் பெரிய லாரி தாண்டினாலோ வால் ஆடும். அந்த ஆட்டம் காரையும் ஆட்டும். ஐந்தாவது சக்கர டிரெய்லரின் பாரம் இழுக்கும் வண்டியின் பின் அச்சுக்கு மேலேயே இறங்குவதால் இந்த ஆட்டம் மிகவும் குறைவு. நீளமான, கனமான வீட்டை இழுக்க வேண்டும் என்றால் இதுதான் பாதுகாப்பு.

ஆவடி, பாடி, பூந்தமல்லி

சென்னையின் மேற்குப் புறநகருக்கு ஐந்தாவது சக்கரம் சுற்றுலாவாக வரவில்லை, வேலையாக வந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டது. 1965இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. டாங்கியைச் சாலையில் நெடுந்தூரம் ஓட்டிச் சென்றால் சாலையும் போகும், டாங்கியின் சங்கிலியும் தேயும். அதனால் சாலை வழிப் பயணத்துக்கு அதை டிரெய்லரில் ஏற்றுகிறார்கள். அர்ஜுன் மார்க் 1ஏ டாங்கியின் எடை 68 டன்!

(ஒரு கொசுறு: ஆவடி என்ற பெயரே ராணுவ வண்டித் தொழிற்சாலையின் ஆங்கிலச் சுருக்கம் என்று பலர் சொல்வார்கள். ஆனால் காங்கிரஸின் புகழ்பெற்ற ஆவடி மாநாடு நடந்தது 1955 ஜனவரியில். டாங்கி தொழிற்சாலை வருவதற்கு ஆறு வருடம் முன்பே ஊருக்கு அந்தப் பெயர் இருந்திருக்கிறது.)

அம்பத்தூரை ஒட்டிய பாடியில் வீல்ஸ் இந்தியா லாரிச் சக்கரங்களைச் செய்தது. 1962இல் தொடங்கிய சுந்தரம் கிளேட்டன் காற்று பிரேக் செய்தது. டிரெய்லருக்குக் காற்று பிரேக்தான் உயிர். இழுக்கும் வண்டியிலிருந்து வரும் காற்றுக் குழாய் அறுந்துவிட்டால் டிரெய்லரின் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

1983இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. பூந்தமல்லி சாலையில் கன்டெய்னர் டிரெய்லரும் கார் ஏற்றும் டிரெய்லரும் வரிசை கட்ட ஆரம்பித்தன. ஆக, ஐந்தாவது சக்கரம் பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். பூந்தமல்லி பைபாஸ் ஓரம் பத்து நிமிடம் நின்றால் போதும்.

அந்த டிரெய்லர்களிலும் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதை நாம் கவனிப்பதில்லை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு பலகைப் படுக்கை, ஒரு சாமி படம், ஒரு ஸ்டவ், கயிற்றில் காயும் லுங்கி. டிரைவரின் வீடு அவ்வளவுதான். லாரி கேபினில் ஏ.சி. கட்டாயம் என்ற மத்திய அரசின் அறிவிக்கை வந்ததே 2023 டிசம்பரில்தான். அதுவும் புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு. உள்ளே வைத்த சரக்குக்குக் குளிர்சாதனக் கன்டெய்னர் அதற்குப் பல வருடம் முன்பே வந்துவிட்டது.

வண்டியில் வாழ்ந்தவர்களுக்கு என்ன ஆனது?

1856 ஜூலை 1. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. அந்தப் பாதை அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாகத்தான் போகிறது. இன்று நாம் அடித்துப் பிடித்து ஏறும் அதே லைன்.

ரயில் வருவதற்கு முன்பு உப்பையும் தானியத்தையும் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் நடுவே கொண்டுபோனவர்களில் குறவர்களும் லம்பாடிகளும் முக்கியமானவர்கள். பொதி மாடுகளோடு, குடும்பத்தோடு, வருடம் முழுவதும் நடந்துகொண்டே இருந்தவர்கள். மைசூர்ப் போர்களில் காரன்வாலிஸ் படைக்குத் தானியம் கொண்டுவந்து சேர்த்ததும் லம்பாடிகள்தான். படைக்குச் சோறு தேவைப்பட்ட வரை அவர்கள் வேண்டப்பட்டவர்கள்.

ரயில் அதே உப்பை வேகமாகவும் மலிவாகவும் கொண்டுபோனது. கூடவே அரசின் உப்புக் கொள்கையும் பஞ்சமும் சேர்ந்து அடித்தன. தொழில் போனது, ஆனால் அலைச்சல் பழக்கம் நின்றுவிடவில்லை. நிலையான முகவரி இல்லாதவர்களை அரசாங்கம் சந்தேகத்தோடு பார்த்தது. 1871இல் வட இந்தியாவில் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். குறவர்கள் உட்படப் பல சமூகங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கைரேகை வைக்க வேண்டும், காவல் நிலையத்தில் தலை காட்ட வேண்டும், ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். 1947இல் சென்னை மாகாணத்திலும் 1952இல் நாடு முழுவதும் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆனால் பழி அவ்வளவு சீக்கிரம் ஒழியவில்லை.

இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். ஸ்டேபிள்ஸ் துரை பிரிட்டனில் வண்டி வீட்டில் உல்லாசமாகச் சுற்றிய அதே 1880களில், அங்கே உள்ள நாடோடி மக்களின் வண்டிகளைப் பதிவு செய்து கண்காணிக்க வேண்டும் என்று மசோதாக்கள் வந்தன. அவை நிறைவேறவில்லை. ஆனால் மனநிலை ஒன்றுதான். வசதி உள்ளவன் வண்டியில் வாழ்ந்தால் சுற்றுலா, வசதி இல்லாதவன் வாழ்ந்தால் சந்தேகக் கேஸ்.

இங்கும் அப்படித்தான். 1982இல் என்.டி.ராமராவ் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கி, பழைய செவர்லே வேன் ஒன்றை மாற்றியமைத்து 'சைதன்ய ரதம்' என்று பெயர் வைத்து ஆந்திரா முழுவதும் சுற்றினார். வேனிலேயே தூங்கினார், சாலையோரத்தில் குளித்தார். மகன் ஹரிகிருஷ்ணா வண்டி ஓட்டினார். 1983 ஜனவரியில் முதலமைச்சராகவே ஆகிவிட்டார். சாலையோரத்தில் குளித்ததற்காக அவரை யாரும் காவல் நிலையத்துக்குக் கூப்பிடவில்லை!

சரி, கணக்குக்கு வருவோம்

முதலில் எடைக் கணக்கு. ஐந்தாவது சக்கர டிரெய்லரின் எடையில் சுமார் 15 முதல் 25 சதவீதம் இழுக்கும் வண்டியின் மேல் உட்காரும். சின்ன டிரெய்லர், 3,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதம் என்றால் 700 கிலோ. வண்டிக்குள் நான்கு பேர், 280 கிலோ. ஆக 980 கிலோ. இணைப்புத் தட்டின் எடை, சாமான்கள் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். வீட்டில் இருக்கும் எஸ்.யு.வி. காரால் இது முடியவே முடியாது. அதற்குப் பின்தொட்டியே இல்லை. நம் ஊரில் கிடைக்கும் சொகுசு பிக்கப்களுக்கும் இது சரிப்படாது. அப்படியானால் வீடு வாங்குவதற்கு முன் அதை இழுக்க ஒரு லாரி வாங்க வேண்டும்.

அடுத்தது பணக் கணக்கு. ஒரு பேச்சுக்கு டிரெய்லரும் இழுவை வண்டியும் சேர்த்து 30 லட்சம் என்று கொள்வோம். அந்தப் பணத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் வருடத்துக்கு 2,10,000 ரூபாய் வரும். வருடத்தில் 20 நாள் மட்டும் டூர் போனால், ஒரு நாளுக்கு 10,500 ரூபாய். இது வெறும் வட்டி இழப்புதான். தேய்மானம், காப்பீடு, டீசல், நிறுத்துமிடம் எல்லாம் தனி. அந்தக் காசுக்கு ஊட்டியில் நல்ல ஹோட்டலில் காபியோடு எழுந்திருக்கலாம். ஆனால் வருடத்தில் 300 நாள் அதிலேயே வாழ்ந்தால் ஒரு நாளுக்கு 700 ரூபாய்தான். அதாவது, இந்த வீடு விடுமுறைக்காரனுக்கு நஷ்டம், முழுநேரமும் வாழ்பவனுக்குத்தான் கட்டுப்படி.

இங்கேதான் வரலாறு குறுக்கே வருகிறது. முழுநேரமும் வண்டியில் வாழ்பவனுக்கு ரேஷன் கார்டு எந்த முகவரியில்? வாக்காளர் அட்டை எந்தத் தொகுதியில்? பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எங்கே? உமணருக்கு இந்தக் கேள்வி இல்லை. குறவருக்கு இந்தக் கேள்விதான் விலங்காக மாறியது. அமெரிக்க டிரெய்லர்காரர்களுக்குத் தங்கும் முகாம், மின்சார இணைப்பு, கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் இடம் எல்லாம் வழியெங்கும் உண்டு. இங்கே கேரளா 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்து, 2022இல் வாகமண்ணில் கேரவன் பூங்காவைத் திறந்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்தத் திட்டம் பெரிதும் எஞ்சினோடு சேர்ந்த வேன் வகை கேரவன்களை வைத்தே ஓடுகிறது. நம் சினிமாக்காரர்களின் கேரவனும் பெரும்பாலும் அந்த வகைதான்.

யாருக்குச் சரிப்படும்?

வாங்க நினைப்பவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய ஐந்து கேள்விகள்:

1. வருடத்தில் எத்தனை நாள் அதில் தூங்கப் போகிறோம்? 100 நாளுக்குக் கீழே என்றால் வாடகை கேரவனே மேல்.

2. எங்கே நிறுத்துவது? 30 அடி டிரெய்லரும் இழுவை வண்டியும் சேர்ந்தால் 45 அடியைத் தாண்டும். அம்பத்தூரில் அவ்வளவு இடம் இருந்தால் அதிலேயே ஒரு வீடு கட்டிவிடலாம்.

3. எந்த ஊருக்குப் போகப் போகிறோம்? திரும்பும்போது டிரெய்லரின் பின் சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நான்கு வழிச் சாலைக்குப் பரவாயில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நினைத்தே பார்க்க முடியாது. ரயில் பாதைக்கு அடியில் போகும் சப்வேக்களில் உயரமும் இடிக்கும்.

4. ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமா? டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். பூந்தமல்லி டிரெய்லர் டிரைவர்கள் பல வருடம் கிளீனராக இருந்து கற்ற வித்தை அது.

5. பதிவு, லைசென்ஸ், காப்பீடு மூன்றையும் வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டாயிற்றா?

ஐந்துக்கும் தெளிவான பதில் இருப்பவர் நம் ஊரில் வெகு சிலர். ஊர் ஊராகப் போகும் மருத்துவ முகாம், நடமாடும் நூலகம், கண்காட்சி, சர்க்கஸ் என்று தொழிலுக்காக வருடம் முழுவதும் நகர்கிறவர்களுக்கு இது அருமையான சாதனம். போய்ச் சேர்ந்த இடத்தில் டிரெய்லரைக் கழற்றி விட்டுவிட்டு இழுவை வண்டியை வேறு வேலைக்கு அனுப்பலாம். மாட்டை அவிழ்த்து மேயவிட்ட மாதிரி. வருடத்துக்கு இரண்டு தடவை கொடைக்கானல் போகிற குடும்பத்துக்கு இது வேண்டாத சுமை.

உமணர்கள் வண்டியில் வாழ்ந்தது ஆசைக்காக இல்லை, உப்பு விற்றால்தான் சோறு என்பதால். இன்று பூந்தமல்லி சாலையோரம் கேபினில் முடங்கித் தூங்கும் டிரைவரும் அப்படித்தான். ஐந்தாவது சக்கரத்தின் மேல் ஒரு வீடு வேண்டுமா என்று யோசிக்கும் முன், ஏற்கெனவே அதன் மேல் வாழ்கிற இவர்களுக்கு ஒரு நல்ல ஓய்வறை, ஒரு சுத்தமான கழிப்பறை, பயமில்லாமல் வண்டி நிறுத்த ஒரு இடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். அந்த வசதிகள் நெடுஞ்சாலையெங்கும் வந்துவிட்டால், நாளைக்கு நம் சுற்றுலா டிரெய்லரும் அதே இடத்தில் நிம்மதியாக நிற்கும்.